ஏனுங்க கரண்ட்டு, சித்த நேரங்கழிச்சு வாங்க

புது டைரியின் ரெக்ஸின் அட்டைக்கென்று ஒரு வாசனை உண்டு. புதுச் செருப்பும் பெயின்ட்டும் கலந்தாற்போல லேசாகத் தலைசுற்ற வைக்கும் அந்த வாசனையை, ஓரத்தில் பொன்னிறம் பூசிய தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்து 'சர்ரக்'கென்று பிரியும் சத்தத்தோடு சேர்த்து முகர்ந்தால்தான் எனக்கு ஜனவரி பிறந்ததாக அர்த்தம். தொண்ணூறுகளின் நடுவில் பல்லடத்துத் தறிக்காரர் வீடுகளில் டைரியைக் கடையில் வாங்கியவர்கள் யாருமில்லை. நூல் வியாபாரி கொடுப்பார், பம்புசெட் விற்பவர் கொடுப்பார், கோழித் தீவனக் கடைக்காரர் கொடுப்பார். பொங்கலுக்குள் எப்படியும் வீட்டுக்கு ஒன்றாவது வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பெயரே "கம்பெனி டைரி".

முதல் பக்கத்தில் கம்பெனி முதலாளியின் தகப்பனார் மாலை போட்டபடி நம்மை முறைப்பார். அடுத்தடுத்த பக்கங்களில் ராகு காலம், எமகண்டம், பின்கோடு, கோயமுத்தூரிலிருந்து டில்லி எவ்வளவு தூரம், எந்த ரத்தம் யாருக்குச் சேரும் என்று மனுஷப் பிறவி தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இருக்கும். அதையும் தாண்டிப் போனால் வெள்ளை வெளேரென்று தாள்கள், ஒரு நாளுக்கு ஒரு பக்கம்! அவ்வளவு நல்ல தாளில் எழுத எங்கள் அப்பாவுக்கு மனசே வராது. துணி கொண்டுபோன விவரத்தையெல்லாம் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு, டைரியை மட்டும் துண்டால் துடைத்து "அட்டாலி"யில், அதாவது சுவரில் அடித்த பலகைத் தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். நான் ஒன்பதாவது படித்த வருஷம் துணிந்து அதைக் கேட்டேன். எதுக்கு அம்மணி என்றார். எழுத என்றேன். இதிலேயா என்பதுபோல டைரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், எழுத என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எங்கள் பெண்கள் பள்ளியில் அந்த ஜனவரியில் தமிழ் டீச்சர் பிரசவத்துக்காக லீவில் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்தப் பீரியடுகளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தையல் டீச்சரை அனுப்பினார்கள். தையல் டீச்சர் பாவம், தலையணை உறை ஒன்றில் மயில் பூவேலை போட்டுக்கொண்டிருந்தார். கழுத்து முடிந்து தோகைக்கு வந்திருந்த முக்கியமான கட்டம். வந்து உட்கார்ந்ததும் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "சத்தம் மட்டும் வரப்படாது. என்னத்தையாச்சும் எழுதிட்டிருங்க" என்றார். தமிழ் இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த டீச்சரும் செய்ததில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

மறுநாளே வகுப்பில் பாதிப் பேர் ஆளுக்கொரு கம்பெனி டைரியோடு வந்து நின்றோம். நூல் டைரி, பம்பு டைரி, தீவன டைரி, பல் டாக்டர் கொடுத்த டைரி என்று வகுப்பே ஒரு வியாபாரச் சங்கம்போல ஆகிவிட்டது. முதல் நாட்களில் எல்லோரும் எழுதியது ஒன்றுதான். காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன், தூங்கினேன். எவள் டைரியைப் பிடுங்கிப் படித்தாலும் இதே பல், இதே துலக்கல். பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே என்று சிலர் அன்றைய ராகு காலத்தையும் எழுதி வைத்தார்கள்.

இந்தச் சோம்பலை உடைத்தவள் ரமீஜா. என் பக்கத்தில் உட்காருவாள்; அவள் அத்தா பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் டெய்லர் கடை வைத்திருந்தார். கோயமுத்தூரில் பட்டன் வியாபாரம் செய்த அவள் மாமா கொடுத்த டைரி அவளுடையது. மாதத்துக்கு ஒரு பட்டன் படம் போட்ட டைரி. வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அன்றைக்குத் தன் பக்கத்தைத் தணிந்த குரலில் எனக்குப் படித்துக் காட்டினாள்: "இன்று இட்லி. நேற்றும் இட்லி. நாளையும் இட்லியாக இருந்தால் நான் கவிஞராகிவிடுவேன்." சிரிப்பை அடக்க முடியாமல் நான் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். அடுத்த பெஞ்சுக்காரி என்னடி என்றாள், அவளுக்கும் போனது. அவளிடமிருந்து கடைசிப் பெஞ்சுக்குப் போனது. தையல் டீச்சர் தோகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் வகுப்பு முழுக்க இட்லிதான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பாருங்கள் ஒரு பைத்தியம்! அம்மை போட்டமாதிரி ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தொற்றிக் கவிதை பரவியது. பஸ் டிக்கெட்டின் பின்னால் கவிதை, ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் கவிதை, உள்ளங்கையில் கவிதை, சத்துணவுக் கூடத்தில் தட்டைக் கழுவியபடி வாய்க்குள் கவிதை. வெள்ளிக்கிழமைதோறும் "டைரி மாத்தறது" என்று ஒரு வழக்கத்தை நாங்களே உண்டாக்கினோம். உன் டைரி என் கையில், என் டைரி உன் கையில். திங்கட்கிழமை திருப்பித் தரும்போது கவிதைக்குக் கீழே படித்தவள் ஒரு வரியாவது பதில் எழுதியிருக்க வேண்டும். சனி ஞாயிறு எப்போது முடியும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏங்கிய கதையை நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் ஏங்கினோம். திங்கட்கிழமை காலை பிரேயரில் நிற்கும்போதே, அவள் என்ன எழுதியிருப்பாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் எல்லாக் கவிதைகளிலும் ஒரே கடல். அலையே, கரையே, கடலே, என் கண்ணீரே! பாடப் புத்தகத்திலும் வாரப் பத்திரிகையிலும் கவிதை என்றால் கடல் இருந்தாக வேண்டும் என்று எப்படியோ முடிவு செய்துவிட்டோம். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ரமீஜா எழுந்து நின்று, கடலப் பாத்தவங்கல்லாம் கை தூக்குங்க பார்க்கலாம் என்றாள். ஒரு கை இல்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் வாய்க்காலும் கிணறும், வாரம் ஒருமுறை வரும் குழாயும்தான். "அப்பறம் எதுக்குடி ஆளாளுக்கு அதுல முழுகிச் சாகறீங்க?" என்றாள். தயிர்ச் சோற்றை வாயில் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் புரையேறிவிட்டது.

அன்றோடு கடல் வற்றியது. ரமீஜா பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்களைப் பற்றி எழுதினாள்: மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்துவிட்டு, தைத்த பிறகு மூச்சு விட முடியவில்லை என்று அத்தாவிடம் சண்டைக்கு வரும் அக்காக்கள். கோழிப்பண்ணை வீட்டுப் பெண் சுசீலா, வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவள், லாரியில் ஏறிப்போகும் கோழிக்குஞ்சுகளுக்கு, எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள் என ஒரு கவிதை எழுதினாள். அதைப் படித்து நாலைந்து பேர் ஒரு வாரம் கோழிக்கறி தொடவில்லை. நம் வீட்டில் இருப்பதைக் கூடக் கவிதையில் வைக்கலாமாமே! யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்களாமே! இந்தச் செய்தி எங்களுக்குக் கொடுத்த குதூகலத்தை என்னவென்று சொல்வது? பூட்டியே கிடந்த அறையின் சாவி நம் ஜாமெட்ரி பாக்ஸிலேயே கிடந்ததுபோல இருந்தது.

நம் வீட்டில் இருப்பது என்றால், எங்கள் வீட்டில் இருந்தது தறி. வீட்டை ஒட்டியே "தறிக்குடோன்". உள்ளே வரிசையாக விசைத்தறிகள். அப்பாவும் அம்மாவும்தான் ஓட்டினார்கள், கூலிக்குக் காடா துணி நெய்தார்கள். தறி ஓடும்போது அந்தக் குடோனுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். உதட்டை நன்றாக அசைத்து, சத்தமே இல்லாமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேசலாம். இழை அறுந்துவிட்டதா, சோறு ஆகிவிட்டதா, விருந்துக்கு ஒறம்பரை வந்திருக்கிறார்களா, எல்லாம் உதட்டிலேயே. ஒன்று நன்றாக இருக்கிறது என்பதற்குக் கைதட்டினால் யாருக்குக் கேட்கப் போகிறது? அதற்குப் பதில் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவோம்.

இதில் ஒரே சங்கடம், அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. வெளியே வந்தாலும் உரக்கத்தான் பேசுவாள். தன் குரல் தனக்கே கேட்க வேண்டுமே! பால்காரரிடம் பேசினால் சண்டை போடுகிறாள் என்று தெருவில் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கரண்ட் போய்விட்டால் கதையே வேறு. அத்தனை தறியும் ஒரே நொடியில் ஓய்ந்து, காதுக்குள் ஒரு 'ங்ஙொய்' மட்டும் மிச்சமிருக்கும்போது, அம்மா குடோன் வாசற்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, "கலா, சித்த தண்ணி கொண்டா கண்ணு" என்பாள். மெதுவாக. அவ்வளவு இனிமையான குரல் அது! அந்தச் சமயத்தில் மட்டும் ஏன் அப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது, களைப்பில் உரக்கப் பேச மறந்துவிடுவாளோ என்னவோ. கரண்ட் வந்ததும் எழுந்து போய்விடுவாள், குரலும் போய்விடும்.

அதைத்தான் எழுதினேன்.

"மின்சாரம் நின்ற பின்புதான்
என் அன்னையின் குரலை அறிந்தேன்.
எத்தனை மென்மையான குரல்!
மின்சாரமே, சற்றுத் தாமதித்து வருக.
அவள் என்னை
மற்றொரு முறை அழைக்கட்டும்."

வெள்ளிக்கிழமை டைரி ரமீஜாவிடம் போனது. திங்கட்கிழமை கவிதைக்குக் கீழே பட்டன் மாதிரி வட்டமான எழுத்தில் ஒரே வரி இருந்தது: "இது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாதே! எழுதிய சந்தோஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பே படித்துவிட்டது, படிக்க வேண்டியவளைத் தவிர. அம்மா இரண்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். டைரியைக் கையில் கொடுத்துப் பயனில்லை, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கவிதை நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி, அம்மா காதில் விழாமல் அது முடிந்ததாக ஆகாது என்று பிடிவாதமாக இருந்தது.

ஒருநாள் கரண்ட் போன சமயம் பார்த்து டைரியோடு ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமி, பொருத்தமான பக்கத்தைப் பிரித்து, நிமிர்ந்து பார்த்தால், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள். விடியற்காலையிலிருந்து நிற்கிறவளை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு நாள் தறி ஓடும்போதே பக்கத்தில் நின்று, மின்சாரம் நின்ற பின்புதான் என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன். அவள் என் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, மாவு அரைக்கப் போகணுமா என்று வாயசைத்தாள். எப்படி இருக்கும் எனக்கு?

அந்த நேரத்தில்தான் பெரிய டீச்சர் எங்கள் வகுப்புப் பக்கமாக வந்தார். தலைமையாசிரியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டீச்சர் இல்லாத பீரியடில் ஒன்பதாம் வகுப்பு சத்தமில்லாமல் இருப்பதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பதறி உள்ளே வந்தவர், முதல் பெஞ்சிலிருந்த டைரியை எடுத்தார். நின்றபடியே படித்தார். இன்னொன்றை எடுத்தார். சுசீலாவின் கோழிக்குஞ்சுகள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது, ஆண்டு விழாவில் இந்த வகுப்பிலிருந்து ஒருத்தி மேடையேறித் தான் எழுதிய கவிதையைப் படிக்கட்டும், யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அடேயப்பா, அன்று எங்கள் வகுப்பு போட்ட சத்தத்தில் தையல் டீச்சர் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டார்.

மறுநாள் கைதூக்கி ஓட்டுப் போட்டோம். ரமீஜா தன் பிளவுஸ் கவிதையை வைத்து நின்றிருந்தால் ஜெயித்திருப்பாள். சிரிக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளோ பெஞ்சு பெஞ்சாகப் போய் எனக்கு ஓட்டுக் கேட்டாள். ஏன்டி என்று கேட்டதற்கு, மேடையில மைக் இருக்கும்டி மடச்சி, உங்கம்மாவுக்குக் கேக்கும் என்றாள். மைக்! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று வீட்டுக்கு நான் நடக்கவில்லை, பறந்தேன்.

அம்மாவை வரச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை. அவள் என் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததே கிடையாது. தறியை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். அந்த வாரம் நெய்து முடித்துக் கொடுக்க வேண்டிய பாவு ஒன்று பாக்கி இருந்தது. அப்பா, நான் ஒருத்தனே பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ட்டு வா என்றார். அதற்கும் அவள் அசையவில்லை. அப்புறம்தான் உள்ளதைச் சொன்னாள்: "நீ பேசறது எனக்குக் கேக்கோணுமே கண்ணு. எல்லாரும் கை தட்டறப்ப நான் மட்டும் முளிச்சிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

மைக் இருக்குதும்மா, ரேடியோ செட் போடறாங்க, கோயில் நோம்பிக்குப் போடுவாங்களே அந்தக் குழாய், நம்மூட்டு வரைக்கும் கேக்கும் என்று அடித்துப் பேசினேன். திருவிழாவில் அலறும் அந்தக் கோயில் நோம்பிக் குழாய் என்றதும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. அது அவளுக்கே கேட்கும். சரி வாரேன் என்றாள்.

சிறப்பு விருந்தினருக்கு நாள் ஒத்து வராமல் விழா தள்ளித் தள்ளிப் போய்ப் பங்குனியில் வந்து நின்றது. எங்கள் பள்ளியில் தகரக் கூரை போட்ட நீள ஷெட்தான் விழா மண்டபம். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், ஒரு கோடியில் மேடை. மத்தியானமே ரேடியோ செட்காரர் வந்து குழாயைக் கட்டி, "மைக் டெஸ்டிங்" சொன்னார். எனக்கு அதுவே பாட்டாகக் கேட்டது. முன்வரிசையில் விருந்தினரும் டீச்சர்களும், நடுவில் பிள்ளைகள், பின்னால் பெற்றோர். தறிக்கார வீடுகளிலிருந்து அம்மாக்களும் அப்பாக்களும் குளித்து, எண்ணெய் வைத்து, இன்னும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சோடு வந்து கடைசி வரிசைகளில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கம்மா. அரக்கு நிறச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். என்னைப் பார்த்ததும் வாயசைத்தாள்: தண்ணி குடிச்சியா?

கும்மியும் நாடகமும் முடிந்து என் பெயரைக் கூப்பிட்டபோது வானம் கறுத்திருந்தது. நான் படியேறி மேடைக்கு வந்து, டைரியைப் பிரித்து, மைக்கின் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். முதல் சொல் வெளியே வருவதற்குள் தகரத்தில் மழை விழுந்தது. மழையா அது? கூடை கூடையாகக் கூழாங்கல்லைக் கொட்டினதுபோல ஒரு கோடைமழை. மைக்கில் 'க்ரீச்'சென்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. கரண்ட் போய்விட்டது.

ரேடியோ செட்காரர் பேட்டரி எடுக்க மழையில் ஓடினார். நான் கத்திப் படித்துப் பார்த்தேன்; என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள், சிரித்தார்கள், தலையை ஆட்டினார்கள். தையல் டீச்சர் மேடையோரத்திலிருந்து, போதும் இறங்கி வா என்று கையைக் காட்டினார். எத்தனை நாள் கெஞ்சி, எத்தனை பொய்ச் சத்தியம் பண்ணி, தறியை விட்டுவிட்டு வரவழைத்திருக்கிறேன்! எல்லாரும் கேட்க, தான் மட்டும் முழிப்போம் என்று அம்மா பயந்தாள். இப்போது எல்லாரும்தான் முழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவளைத் தேடினேன்.

அவள் முழிக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் மழையையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்ற தறிக்காரர்கள் எல்லாரும் அப்படியே. அவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு சத்தமா? தினமும் அதற்குள்தானே நிற்கிறார்கள்!

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. டைரியை மூடினேன். மின்சாரம், அன்னை, தாமதித்து வருக என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேனே, அந்தச் சொற்களை எந்தத் தறிக்குடோனில் யார் உதட்டில் பார்த்திருக்கிறார்கள்? அன்று பக்கத்தில் நின்று கத்தியும் அம்மாவுக்கு ஏன் விளங்கவில்லை என்று அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. மேடையின் ஓரத்துக்கு, திறந்த பக்கத்தின் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்துக்கு நகர்ந்து வந்தேன். குரலை விட்டுவிட்டேன். உதட்டை மட்டும், குடோனுக்குள் அசைப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி அசைத்தேன்.

"அம்மா, கரண்ட்டு போனாத்தான் உன்ற சத்தம் கேக்குது.
மெதுவா கேக்குது, இனிப்பாக் கேக்குது.
ஏனுங்க கரண்ட்டு, சித்த நேரங்கழிச்சு வாங்க.
எங்கம்மா என்னைய
இன்னொருக்கா கூப்புடட்டும்."

கரண்ட்டுக்கு மரியாதை கொடுத்துக் கூப்பிட்ட இடத்தில் கடைசி வரிசை அப்படியே பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. அம்மா பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கையை உயர்த்தி, விரலைச் சுழற்றி, வாயசைத்தாள்: "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை பிள்ளைகள் கூட்டத்தில் இருந்த தறிக்கார வீட்டுப் பெண்களும் என் உதட்டைப் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்குக் காதோடு காதாகச் சொல்ல, கவிதை பின்னாலிருந்து முன்னால் வந்து, கடைசியாகத்தான் விருந்தினரிடம் போய்ச் சேர்ந்தது. முடித்தபோது கடைசி வரிசைகளில் கைகள் எழும்பின. தட்டவில்லை, தலைக்கு மேலே ஆடின. வளையல் கைகள், நரம்போடிய கைகள், எல்லாம் ஆடின. ரமீஜா பெஞ்சின் மேலேயே ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை, இனிமேலும் பார்ப்பேன் என்று தோன்றவில்லை.

நடந்தது முழுசாகப் புரியாத பெரிய டீச்சர், இவ்வளவு நல்ல ஊமை நாடகத்தை எப்போது பழகினாய் என்று பாராட்டி, எனக்கு ஒரு சோப்புப் பெட்டி பரிசாகக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவில்லை.

இப்போது அந்தத் தகர ஷெட் இல்லை. அது இருந்த இடத்தில் சத்தம் உள்ளே வராத கான்கிரீட் மண்டபம். எங்கள் தறிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு வெகுகாலம் ஆகிறது. குடோனை யாரோ மாவுப் பாக்கெட் அடுக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் உதட்டால் பேசிக்கொள்கிற பிள்ளைகள் யாருமில்லை. அப்படி ஒரு பேச்சு இருந்தது என்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை. ரமீஜா கோயமுத்தூரில் தையல் கடை வைத்து, இன்னமும் இட்லியைப் பற்றியே கவிதை எழுதிப் போனில் அனுப்புகிறாள். அம்மாவுக்குக் காது அப்படியேதான் இருக்கிறது, குரலும் அப்படியேதான்; பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினால் தெருமுனை வரை கேட்கும்.

அந்த விழாவைப் பற்றி எனக்கு இத்தனை வருஷமும் ஒரு சின்னக் குறை இருந்தது. நான் முதலில் சொன்னது அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை, கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் மறுபடி சொல்லச் சொன்னாள் என்றே நினைத்திருந்தேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவளிடம் எதிரே உட்கார்ந்து அதைச் சொன்னேன். அம்மா முறுக்கு பிழியும் உழக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மொதல்லயே வெளங்கிருச்சு கண்ணு," என்றாள், மெதுவாக. "இன்னொருக்கா கேக்கோணும்னு இருந்துச்சு."